கல்வியை அளந்த படிகள்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை என்னும் பழைய குகை விகாரம் எதிர்ப்படும். கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் என்னும் அரசன் காலத்தில், பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது வழிவழி வந்த மரபு. அதற்கு முன் அந்நூல்கள் யாவும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு, ஒரு தலைமுறையின் நினைவிலிருந்து அடுத்த தலைமுறையின் நினைவுக்குக் கைமாறி வந்தன. இத்துணைப் பெரிய நூற்றொகுதியை ஒருவர் எவ்வாறு கற்றார், எவ்வளவு கற்றார் என்பதை எதனைக் கொண்டு அளந்தனர் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது.

அதற்கு ஓர் அளவை இருந்தது. பாணவாரம் என்பது அதன் பெயர். ஓதுவோர் ஒரே அமர்வில் ஓதி முடிக்கக்கூடிய பகுதி என்பது அச்சொல்லின் கருத்து. எட்டு எழுத்துக் கொண்டது ஓர் அடி. நான்கு அடி கொண்டது ஒரு சுலோகம். 250 சுலோகம் கொண்டது ஒரு பாணவாரம். ஆகவே ஒரு பாணவாரத்துக்கு 8000 எழுத்து. பாளி உரைநூல்கள் தீக நிகாயத்துக்கு 64 பாணவாரம் என்றும், மச்சிம நிகாயத்துக்கு 80 என்றும், சம்யுத்த நிகாயத்துக்கு 100 என்றும், அங்குத்தர நிகாயத்துக்கு 120 என்றும் கணக்குக் கூறுகின்றன. இச்சுமை முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றவில்லை. தீக நிகாயத்தை ஆனந்தரிடமும், மச்சிமத்தைச் சாரிபுத்தரின் மாணாக்கரிடமும், சம்யுத்தத்தை மகாகாசியபரிடமும், அங்குத்தரத்தை அனுருத்தரிடமும் ஒப்படைத்தனர் என்பது அவ்வுரைகள் தரும் செய்தி. கற்கும் பொருளை அலகு அலகாகப் பிரிப்பதும், ஒருவர் தாங்கக்கூடிய சுமை எவ்வளவு என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதும் நம் காலத்துப் புதுமைகள் என்று நினைப்பவர்கள் அலுவிகாரையை ஒருமுறை பார்த்து வருதல் நன்று.

தமிழர்தம் திண்ணைப் பள்ளிகளிலும் அளவை இருந்தது. ஆனால் அது நூல் அளவை. ஆத்திசூடி முடித்தவன், கொன்றைவேந்தன் முடித்தவன், நிகண்டு ஓதியவன், நன்னூல் பாடங்கேட்டவன் என்றே மாணவனின் நிலை சொல்லப்பட்டது. எத்தனை மாதத்தில் முடித்தான் என்று எவரும் கேட்டிலர். அறிவிற் சிறந்தவன் விரைந்து சென்றான். மற்றவன் மெல்லச் சென்றான். இருவர்க்கும் ஆசிரியர் ஒருவரே. மணிக்கூட்டைக் கொண்டு கல்வியை அளக்கும் வழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்தது. வந்த வழி சற்றே சுற்றுவழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்து சேர்ந்தது மணியளவை அன்று, பரீட்சையளவை. 1836ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம், தன் பரீட்சைகளை உலகின் எந்த மூலையில் உள்ளவரும் எழுதலாம் என்று 1858ஆம் ஆண்டில் வாயிலைத் திறந்துவிட்டது. 1857ஆம் ஆண்டில் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகமும் இலண்டனைப் பார்த்து அமைக்கப்பட்டதே. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவர், கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டையில் கற்ற யாழ்ப்பாணத்தவர் என்பது தமிழ் மக்கள் பெருமையுடன் நினைவுகூரும் செய்தி. எங்கே படித்தாய், எத்தனை மணி இருந்து படித்தாய் என்று அப்பரீட்சை கேட்கவில்லை. குறித்த நாளில், குறித்த மண்டபத்தில், குறித்த வினாக்களுக்கு விடை எழுத முடிந்ததா என்பதொன்றே கேள்வி.

1921ஆம் ஆண்டு கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும் அதன் மாணவர் எழுதியவை இலண்டன் பரீட்சைகளே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்துக் கேட்ட தனிப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதிதான் உருவாயிற்று. அன்று சர்வகலாசாலை என்றே அதனை அழைத்தனர். தொடக்கத்தில் அதன் மாணவர் தொகை 904. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். 1952ஆம் ஆண்டில் அதன் ஒரு பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தது. அதனால் மாத்தளை மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் அண்டை வீடாயிற்று. மலைச்சாரலைக் கடந்தால் 32 கிலோமீற்றர் அளவே தூரம்.

அக்காலத்துக் கலைப் படிப்பின் அமைப்பு எளியது. முதலாம் ஆண்டின் முடிவில் ஜீ.ஏ.கியூ. என்று மாணவர் வழங்கிய பொதுக் கலைத் தகுதிகாண் பரீட்சை. அதில் தேறியவர் மேலும் இரண்டாண்டு மூன்று பாடங்களைக் கற்றுப் பொதுப் பட்டமோ, மேலும் மூன்றாண்டு ஒரே பாடத்தை ஆழக் கற்றுச் சிறப்புப் பட்டமோ பெற்றனர். இடையில் கற்றவற்றுக்கெல்லாம் கணக்குத் தீர்ப்பது இறுதிப் பரீட்சை. சில கிழமைகளுக்குள் அடுத்தடுத்து வரும் வினாத்தாள்களில் இரண்டு மூன்று ஆண்டுகளின் உழைப்பு நிறுக்கப்பட்டது.

இம்முறைக்கு ஒரு பெருமை உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. மாணவன் நூலகத்தில் அலைந்து திரிந்து படிக்க இடம் இருந்தது. கிழமைதோறும் ஒப்படை, மாதந்தோறும் தேர்வு என்ற நெருக்குதல் இல்லை. ஒரு நூலை இருமுறை வாசித்து, அதனை மறுக்கும் நூலையும் வாசித்து, மூன்றாம் ஆண்டில் தன் கருத்தை உருவாக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அத்தலைமுறையிற் சிறந்தவர்கள் இன்றும் வியக்கப்படும் அறிஞர்களாக விளங்கியதற்கு அந்த அவகாசமும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் அம்முறையின் குறை, நோயாளிக்கும் ஏழைக்குமே முதலில் தெரிந்தது. இறுதிப் பரீட்சைக் கிழமையில் காய்ச்சல் வந்தால், தந்தை இறந்தால், மண்சரிவில் வீதி மூடப்பட்டால், ஆண்டுகளின் உழைப்பு கையிலிருந்து நழுவிற்று. தவறிய பாடத்தை மீண்டும் எழுத ஓரளவு இடமளிக்கப்பட்டதுண்டு. எனினும் பாதி வழியில் படிப்பை விட்டவனிடம் எஞ்சியது ஒன்றுமில்லை. இரண்டாண்டு பேராதனையில் இருந்தவனும் அங்கே காலடி வைக்காதவனும் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடதாசியில் ஒரே வகையினராயினர். 1945ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழிகளிற் கற்ற மாணவர் முதன்முறையாகக் கலைப்பீடத்துள் நுழைந்தமையும் பல்கலைக்கழக மாணவரின் இயல்பையே மாற்றின. அதற்கு முன் வந்தவருட் பலருக்குத் தவறினால் தாங்கிப் பிடிக்கக் குடும்பம் இருந்தது. பின்னர் வந்தவருட் பலருக்குக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் கடமையே காத்திருந்தது. 1987 முதல் 1989 வரை நாட்டின் குழப்பத்தால் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தபோது, பெரும்பரீட்சை ஒன்றையே நம்பிய ஏற்பாடு எத்துணை நொய்ந்தது என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது.

இனி மணியளவை பிறந்த கதை. அது கல்வியறிஞர் எவருடைய சிந்தனையிலும் பிறந்ததன்று. ஓய்வூதியக் கணக்கிற் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் நாற்பது ஆண்டுகள் இருந்த சார்ள்ஸ் எலியட், எல்லா மாணவரும் ஒரே பாடங்களைக் கற்கும் பழைய வழக்கத்தை உடைத்து, விரும்பிய பாடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை மாணவர்க்குக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு பாடம் கற்றால் அனைவர்க்கும் பொதுவான அளவை ஒன்று வேண்டுமல்லவா? கடையில் அரிசியும் உண்டு, பயறும் உண்டு; இரண்டையும் அளக்கப் படி ஒன்று இருந்தாற்றான் வாணிகம் நடக்கும். அந்தப் படியை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கியவர் எலியட் அல்லர். உருக்கு வணிகத்திற் செல்வங் குவித்த அண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்கள் முதுமையில் வறுமையுறுவதைக் கண்டு, அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவென 1905ஆம் ஆண்டில் ஒரு கோடி டொலரை ஒதுக்கினார். பணத்தைப் பெறத் தகுதியான கல்லூரி எது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் பெயரால் அமைந்த நிறுவனம் நிபந்தனைகள் விதித்தது. அவற்றுள் ஒன்று, கல்லூரியிற் சேரும் மாணவன் உயர்பள்ளியில் குறைந்தது 14 அலகுகள் கற்றிருத்தல் வேண்டும் என்பது. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் 120 மணி வகுப்பு. ஓய்வூதியத்தை இழக்க எந்தக் கல்லூரிதான் விரும்பும்? நாடு முழுவதும் சில ஆண்டுகளில் அந்தப் படியையே கையிலெடுத்தது.

1910ஆம் ஆண்டில் அதே நிறுவனம் மொரிஸ் குக் என்னும் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பல்கலைக்கழகங்களின் வேலைத்திறனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தொழிற்சாலையில் ஒரு பொருளை உற்பத்தி செய்ய எவ்வளவு செலவு என்று கணிப்பதைப் போல, ஒரு மாணவனுக்கு ஒரு மணிநேரம் கற்பிக்க எவ்வளவு செலவு என்று கணிக்க அவர் முற்பட்டார். வகுப்பு மணியே கல்வியின் நாணயமாயிற்று. அந்நாணயத்துக்குக் கிறெடிற் என்று பெயர். வங்கிக் கணக்கில் வரவு என்பதற்கும் அதுவே சொல். நம் நாட்டிற் சாதாரண தரப் பரீட்சையில் ஒருவர் பெறும் திறமைச் சித்தியையும் கிறெடிற் என்றே வழங்குகிறோம். அதனால் முதலாம் ஆண்டு மாணவரின் பெற்றோர் பலர், மகன் 15 கிறெடிற் பெற்றான் என்று கேட்டு, பதினைந்து பாடத்திலும் திறமைச் சித்தி என்று மகிழ்வதுண்டு! அவன் பெற்றது சித்தியின் தரமன்று. கற்றதாகக் கொள்ளப்பட்ட நேரத்தின் அளவு. எவ்வளவு கற்றான் என்பதைப் படி சொல்லும். எப்படிக் கற்றான் என்பதைத் தரப் புள்ளிதான் சொல்லும். 2015ஆம் ஆண்டில் கார்னகி நிறுவனமே தன் அளவையை மீளாய்வு செய்து, குறைகள் பலவற்றை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக வைக்கத்தக்க வேறொன்று இன்னும் உருவாகவில்லை என்ற முடிவுக்கு வந்தது. நூறாண்டு கடந்தும் கடைப்படி மாறவில்லை.

ஐரோப்பாவில் 1989ஆம் ஆண்டில், ஒரு நாட்டு மாணவர் வேறொரு நாட்டிற் கற்றதைத் தம் நாட்டிற் கணக்கிற் சேர்க்கும் பொருட்டு வேறொரு படி வகுக்கப்பட்டது. அங்கே ஓராண்டுக்கு 60 கிறெடிற். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி வரையிலான உழைப்பு. ஆசிரியர் வகுப்பில் நின்ற நேரத்தை எண்ணிய அமெரிக்க வழக்கத்தோடு, மாணவன் தனியே இருந்து படித்த நேரத்தையும் எண்ணும் வழக்கம் இவ்வாறு வலுப்பெற்றது.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தது. 1990களிலும் அதன் பின்னரும் பீடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுப் பரீட்சையைக் கைவிட்டு, அரையாண்டு முறைக்கும் பாட அலகுகளுக்கும் மாறின. ஒரு பீடத்தில் ஓர் அளவு, மற்றொன்றில் வேறளவு என்று சில காலம் படிகள் பலவாயின. 2012ஆம் ஆண்டில் வெளியான இலங்கைத் தகைமைகள் சட்டகம் அவற்றை ஒன்றாக்கியது. அதன்படி ஒரு கிறெடிற் 50 மணிக் கற்றலுக்குச் சமம். ஓராண்டுக்கு 30 கிறெடிற். ஆகவே 1500 மணி. ஐரோப்பிய முறையில் 60ஐ 25ஆற் பெருக்கினாலும் அதே 1500 வரும். படிகள் வேறாயினும் நிறை ஒன்றே. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிறெடிற். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அங்குத்தர நிகாயத்தின் 120 பாணவாரமும், கார்னகியின் 120 மணியும், நம் சிறப்புப் பட்டத்தின் 120 கிறெடிற்றும் தம்முள் தொடர்பற்றவை. எண்களுக்கும் ஒரு குறும்புத்தனம் உண்டு போலும்.

இந்த ஐம்பது மணியை எவ்வாறு பகுத்தனர் என்பதிலேயே மாத்தளைப் பிள்ளைகளின் நலம் தங்கியிருக்கின்றது. விரிவுரைப் பாடமாயின் ஐம்பதில் 15 மணி மட்டுமே வகுப்பு. எஞ்சிய 35 மணி மாணவன் தானாகப் படிக்கவும், குறிப்பெடுக்கவும், ஒப்படை எழுதவும், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யவும் விடப்பட்டது. அரையாண்டு ஒன்றில் 15 கிழமை விரிவுரை என்று கொள்வோம். 15 கிறெடிற் எடுத்தவனுக்கு மொத்தம் 750 மணி. கிழமைக்கு 50 மணி. அவற்றுள் கால அட்டவணையில் தெரிபவை 15 மணி. தெரியாதவை 35 மணி. பெற்றோர் கண்ணுக்கும், பல வேளைகளில் மாணவன் கண்ணுக்குமே, பல்கலைக்கழகப் படிப்பு என்பது கிழமைக்குப் பதினைந்து மணி வேலையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. பகலில் இவ்வளவு ஓய்வு இருக்கும்போது வீட்டுக்கு வந்து போனால் என்ன, பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து நாலு காசு தேடினால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

இரத்தோட்டையிலோ எல்கடுவத் தோட்டப்புறத்திலோ உக்குவளையிலோ இருந்து பேராதனைக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். விடுதியில் இடங் கிடைக்காதவிடத்து, அறை வாடகை கொடுக்க வசதியில்லாதவிடத்து, அவள் நாள்தோறும் பேருந்திற் போய்வருவாள். போக வர மூன்று மணி என்பது மிகையான கணக்கன்று. கண்டி நகரின் நெரிசலை அறிந்தவர் அதனைக் குறைவென்றே கூறுவர். கிழமைக்கு ஐந்து நாள், 15 மணி. ஓர் அரையாண்டுக்கு 225 மணி. அதனை ஐம்பதால் வகுத்தால் நாலரைக் கிறெடிற். மூன்றாண்டுப் பட்டத்தின் ஆறு அரையாண்டுகளையும் கூட்டினால் 1350 மணி, 27 கிறெடிற். சட்டகம் ஓராண்டுப் படிப்புக்கு விதித்த 30 கிறெடிற்றில் மூன்று மட்டுமே குறைவு. விடுதியிலிருக்கும் தோழி மூன்றாண்டில் முடிக்கும் வேலையோடு, ஏறக்குறைய ஓராண்டு வேலைக்குச் சமமான நேரத்தை இவள் பேருந்து இருக்கையிற் செலவிடுகிறாள். பல நாள்களில் இருக்கையும் இல்லை.

ஜெனிங்ஸ் பேராதனையை விடுதிப் பல்கலைக்கழகமாக அமைக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதை அக்காலத்திற் சிலர் ஆங்கிலேயரின் ஆடம்பரம் என்று பழித்ததுண்டு. அருணாசலம் விடுதி, மார்ஸ் விடுதி, ஜயதிலக்க விடுதி, இராமநாதன் விடுதி என்பன எழுந்தபோது அவற்றின் அழகைப் பற்றியே மக்கள் பேசினர். அந்தக் கட்டடங்கள் மாணவனுக்குக் கொடுத்தது நேரம். கிறெடிற் என்ற சொல்லே இந்நாட்டிற் புழங்காத அக்காலத்தில், கிழமைக்கு 35 மணித் தனிப்படிப்பை இயலுவதாக்கியது அந்த ஏற்பாடு. மாணவர் தொகை பெருகிய அளவுக்கு விடுதிகள் பெருகாத பின்னர், கணக்கு மட்டும் பழைய விடுதி மாணவனை நினைத்தே எழுதப்பட்டிருக்கின்றது.

மொழியும் நேரத்தை உண்ணும். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்றவள் கையில் ஆங்கில நூலொன்று கொடுக்கப்படுகின்றது. கொழும்பில் ஆங்கிலஞ் சூழ வளர்ந்தவன் பத்து நிமிடத்தில் வாசிக்கும் பக்கத்தை அவள் அகராதியை விரித்து வைத்து அரைமணியில் வாசிப்பாள். இருவர்க்கும் சட்டகம் விதித்தது அதே 35 மணி. மேலும், ஆங்கிலப் பாடம், கணினிப் பாடம் முதலியன தரப் புள்ளிச் சராசரியிற் சேராத கூடுதற் பாடங்களாகப் பல இடங்களில் வைக்கப்படுகின்றன. சராசரியிற் சேராவிட்டாலும் நாளின் இருபத்துநான்கு மணியில் அவையும் சேர்ந்தே நிற்கின்றன.

அமெரிக்காவில் மாணவன் ஓர் அரையாண்டுக்கு எத்தனை கிறெடிற் எடுப்பது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். அங்கே அரசாங்க உதவிப்பணத்துக்கு 12 எடுத்தவன் முழுநேர மாணவனாகக் கொள்ளப்படுகிறான். பட்டத்துக்கு வேண்டுவதோ பொதுவாக 120. நான்காண்டில் எட்டு அரையாண்டு. எட்டைப் பன்னிரண்டாற் பெருக்கினால் 96. முழுநேர மாணவன் என்ற பெயருடனேயே ஒருவன் நான்காண்டின் முடிவில் 24 குறைவாக நிற்கிறான். ஐந்தாம் ஆண்டுக்குக் கட்டணம் கட்டுகிறான். இதனைக் கண்ட ஹவாய்ப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டளவில், அரையாண்டுக்குப் பதினைந்து எடுங்கள் என்று மாணவரிடையே ஓர் இயக்கமே நடத்திற்று. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின.

இலங்கையில் நிலைமை வேறு. உள்வாரி மாணவர் பெரும்பாலும் தொகுதியாகவே நகர்கின்றனர். அரையாண்டுச் சுமையைப் பீடமே நிர்ணயிக்கின்றது. ஆதலின் தாமதம் இங்கே குறைவாக எடுப்பதால் வருவதன்று. தவறியதைச் சுமப்பதால் வருவது. மூன்று கிறெடிற் பாடமொன்றில் முதலரையாண்டில் ஒருத்தி தவறினாள் என்க. அப்பாடப் பரீட்சை பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதே பருவத்திற்றான் மீண்டும் வரும். அப்போது அவள் தோளில் ஏற்கெனவே பதினைந்து கிறெடிற் இருக்கும். விரிவுரைக்கு மீண்டும் போகாவிட்டாலும், தனிப்படிப்பின் 105 மணி சேரும். கிழமைக்கு ஏழு மணி. ஐம்பது ஐம்பத்தேழாகும். பேருந்தின் பதினைந்தையும் கூட்டினால் எழுபத்திரண்டு. அந்தப் பாரத்தில் இன்னொரு பாடம் தவறினால் வியப்பதற்கில்லை. மீண்டும் எழுதித் தேறினாலும் சாதாரண சித்திக்குரிய தரத்துக்கு மேல் வழங்காமை பொதுவான வழக்கம். பழைய முறையில் ஒரே நாளில் விழுந்த இடி, புதிய முறையில் சிறு தூறலாக ஆறு அரையாண்டும் பெய்கின்றது. இதனை உணர்ந்து, முதல் தவறு நேர்ந்தவுடனேயே மாணவியை அழைத்துப் பேசும் விரிவுரையாளர் ஒருவர், பின்னாளில் ஆயிரம் அறிவுரை கூறுவோரினும் பெரிய உதவி செய்தவராவார்.

எனினும் புதிய முறை கொடுத்த ஒன்றைப் பழைய முறை என்றும் கொடுத்ததில்லை. தேறிய பாடம் தேறியதே. எவரும் அதனைத் திரும்ப வாங்க முடியாது. சட்டகத்தின்படி 30 கிறெடிற் தகைமைக்கு டிப்ளோமா என்ற படிநிலை உண்டு; 60 கிறெடிற்றுக்கு உயர் டிப்ளோமா. இரண்டாண்டு கற்றுக் குடும்பச் சுமையால் விலக நேர்பவர், பல்கலைக்கழகத்தின் விதிகள் இடங்கொடுத்தால், வெறுங்கையோடு மலையேற வேண்டியதில்லை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு முதல் இவ்வாறு சேர்த்த கிறெடிற்றை மாணவன் பெயரிற் கணக்கு வைத்துக் காக்கும் ஏற்பாடொன்றும் தொடங்கப்பட்டுள்ளது. 1960களில் படிப்பை இடையில் விட்டுத் தோட்டத்துக் காரியாலயத்திலோ கடையிலோ கணக்கெழுதப் போன எத்தனையோ பேருக்கு இத்தகைய கடதாசியொன்று கிடைத்திருந்தால் அவர்கள் வாழ்வு எவ்வழியிற் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகளிற் கற்பித்துக்கொண்டே பட்டம் நாடும் ஆசிரியர்களுக்கும் இக்கணக்கு ஓர் ஆறுதல் தருகின்றது. வெளிவாரிப் பட்டம் மூன்றாண்டு என்று கேள்விப்பட்டுப் பதிவு செய்கின்றனர். ஆறாண்டு ஏழாண்டு சென்றும் முடியாதபோது தம் ஊக்கத்தைத் தாமே குறைகூறிக்கொள்கின்றனர். அயலவரும் அவ்வாறே கூறுகின்றனர். கணக்கைப் பாருங்கள். 90 கிறெடிற் என்பது 4500 மணி. பாடசாலை முடிந்து, வீட்டு வேலை முடிந்து, நாளுக்கு இரண்டு மணியாக ஐந்து நாளும், வார இறுதியில் எட்டு மணியும் படிக்கக்கூடியவர் மிகுந்த ஊக்கமுடையவர் என்றே சொல்ல வேண்டும். கிழமைக்குப் பதினெட்டு மணி. 4500 மணிக்கு 250 கிழமை வேண்டும். ஒரு கிழமையும் தவறாமல், தீபாவளிக்கும் வெசாக்குக்கும் ஓயாமல் படித்தாலும் ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. பரீட்சை பிந்துவதும், பெறுபேறு பிந்துவதும் இதற்கு மேல். மூன்றாண்டு என்ற சொல் அவருக்காக எழுதப்பட்டதே அன்று.

1980ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டே நடக்கின்றது. மாத்தளையார்க்கு எட்டக்கூடிய தூரத்தில், கண்டியை அடுத்த பொல்கொல்லையில் அதன் பிராந்திய நிலையம் இருக்கின்றது. அங்கே ஓராண்டில் எத்தனை பாடங்களுக்குப் பதிவு செய்வது என்பதை மாணவரே தெரிவு செய்யலாம். ஆண்டு தொடங்கும்போது பாடப் பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு உட்காரும் ஆசிரியை, அதன் அருகில் பாடசாலைத் தவணை நாட்காட்டியையும், மூன்றாந் தவணை விடைத்தாள் திருத்தும் கிழமைகளையும், மகளின் புலமைப்பரிசில் பரீட்சைத் திகதியையும் எழுதிக்கொள்கிறார். அவற்றையெல்லாம் கழித்து எஞ்சும் மணிகளை ஐம்பதால் வகுத்த பின்னரே படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார்.